மகளுக்கு நான் சொன்ன காய்ச்சல்

பங்குனிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் மகள் தில்லியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். பெற்ற பிள்ளை வாசலில் வந்து நின்றால் சந்தோஷம் வரவேண்டும். வந்தது. ஆனால் ஆட்டோக்காரர் இறக்கி வைத்த சாமான்களைப் பார்த்ததும் அதில் பாதி போய்விட்டது. பெரிய பெட்டி ஒன்று, அதற்கு மேல் ஒரு மூட்டை. மூட்டைக்குள்ளே ஸ்வெட்டரும் கம்பளியும். தூத்துக்குடி வெயிலுக்குக் கம்பளி எதற்கு? வேலை போனவள்தான் கம்பளியையும் தூக்கிக்கொண்டு வருவாள் என்று எனக்கு அப்போதே பட்டது.

அவளுக்கு என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்வதில் எனக்கு அலுப்பே கிடையாது. ஏரல் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். புன்னைக்காயலிலிருந்து மீன் கொண்டுவருகிறவளுக்குச் சொல்லியிருக்கிறேன். கண்ணாஸ்பத்திரியில் எனக்கு மருந்து விட்ட நர்ஸிடம், கண்ணை மூடிக்கொண்டே சொன்னேன். நாம் ஓட்டுப் போட்டு அனுப்புகிற ஆட்கள் தில்லியில் போய் உட்காருகிறார்களே, நாட்டுக்கே சட்டம் போடுகிற அந்தச் சபையில், யார் வந்தார், யார் வரவில்லை என்று பதிகிற இடத்தில் அவளுக்கு வேலை. ஐந்நூறு பேருக்கு மேல். எவ்வளவு பெரிய ஆளானாலும் சபைக்கு வெளியே இருக்கிற மேசையில் கையெழுத்துப் போட்டால்தான் வந்தார் என்று கணக்கு. முன்னே நோட்டு இருந்ததாம், இப்போது கண்ணாடிப் பலகையில் பேனாவால் போடுகிறார்களாம்.

ஓட்டெடுக்கிற நாளில் அவள் உள்ளேயும் போவாள். ஒவ்வொருவர் முன்னாலும் பொத்தான் இருக்கிறது. அமுக்க விட்டுப்போனவர்களும் தப்பாக அமுக்கியவர்களும் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். சரி என்பதற்குப் பச்சை, வேண்டாம் என்பதற்குச் சிவப்பு, எந்தப் பக்கமும் இல்லை என்பவருக்கு மஞ்சள். அந்தச் சீட்டுகளை ஓடி ஓடி வாங்குகிறவர்களில் என் மகளும் ஒருத்தி. எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் கலர் தெரியும். எங்கள் உப்பளத்திலும் இப்படிக் கலர் சீட்டு வைத்திருந்தால் எத்தனை சண்டை மிச்சமாகியிருக்கும்! இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு மருமகள்தான் எழுதுகிறாள். என் பேச்சை நல்ல தமிழாக்கிப் போடுவதாகச் சொல்கிறாள். என்ன போடுகிறாளோ, யாருக்குத் தெரியும்.

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம் என்று என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் சொல்வார். முப்பது வருஷம் உப்பளத்தில் நின்றவளுக்கு அது வராமல் என்ன செய்யும்? காலையில் விடிவதற்குள் பாத்திக்கரையில் எல்லோரும் கூடி நிற்க, கணக்குப்பிள்ளை மஸ்டர் என்கிற வருகை நோட்டை விரித்துப் பேர் கூப்பிடுவார். இருக்கேன் என்று குரல் வந்தால் வேலைக்கு வந்ததாக அர்த்தம். அவர் தலையைத் தூக்கிப் பார்க்கமாட்டார். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஒருத்தி பிந்தி வருவாள் என்றால் அவளுக்காக இன்னொருத்தி குரல் கொடுத்துவிடுவாள். அவள் வாரவேண்டிய உப்பை நாங்கள் நாலு பேர் பங்கு போட்டு வாரிவிடுவோம். இன்றைக்கு அவளுக்கு நான், நாளைக்கு எனக்கு அவள். நான் ஆறு விதமாகக் குரலை மாற்றுவேன். மூக்கடைத்த குரல்கூட வரும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. நடுப்பகலில் கணக்குப்பிள்ளை வந்து யாராவது ஒருத்தியைப் பேர் சொல்லித் தேடினால், அவள் எங்கே நின்றாலும் சரி, காய்ச்சலில் படுத்துக் கிடக்கிறாள் என்று சொல்லிவிட வேண்டும். ஏன் என்று கேட்கவேண்டியதில்லை. முப்பது வருஷத்தில் பேர் சொல்லித் தேடிவந்து நல்ல சேதி சொன்ன கணக்குப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. முதலில் காய்ச்சல் என்று சொல். என்ன ஏது என்று பிறகு விசாரித்துக்கொள்ளலாம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. கண்ணில் உப்புத் தெறித்தால் கை தானாகத் தண்ணீருக்குப் போகிற மாதிரி அது வரும்.

ஆகையால் மகள் தன் வேலையைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்தே எனக்கு அந்தச் சபையின் மஸ்டர் மேல் ஒரு கண். கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனால் என்ன செய்வீர்கள் என்று போனில் கேட்டேன். கையெழுத்துப் போட்டால் அன்றைக்கு வந்ததுதான், உள்ளே எவ்வளவு நேரம் இருந்தார் என்பது அந்தப் பதிவில் வராது என்றாள். மந்திரிமார் கையெழுத்துப் போடவே வேண்டியதில்லையாம். அது எனக்கு உடனே புரிந்தது, எங்கள் கணக்குப்பிள்ளைக்கும் மஸ்டரில் பேர் கிடையாது. ஒருத்தருக்காக இன்னொருத்தர் போட்டுவிடமாட்டாரா என்று கேட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் இருக்கிறது, முகம் தெரிந்தவர்கள் நிற்கிறார்கள், நடக்காது என்றாள். நடக்காது என்று யார் சொன்னாலும் என் காது கொஞ்சம் நிமிரும்.

போன தைப் பொங்கலுக்கு வந்தபோது ஒரு சேதி சொல்லியிருந்தாள். இந்தத் தடவை சபை முடிந்ததும் அவளை வெளிமேசையிலிருந்து எடுத்து, ஓட்டுச் சீட்டுகளைப் பிரித்து எண்ணிப் பதிகிற மேசைக்கு மாற்றப்போகிறார்களாம். ஒரு பிழை இல்லாமல் வேலை பார்த்தவர்களைத்தான் அதற்கு எடுப்பார்களாம். எட்டு வருஷமாக அதற்குத்தான் காத்திருந்தாள். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு காத்திருக்கவில்லை, அந்தப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுவாள். நான் அந்தச் சேதியைத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி முடித்திருந்தேன்.

இப்போது கம்பளியோடு வந்து நிற்கிறாள்.

சபை முடிந்துவிட்டதா என்று கேட்டேன். முடிந்துவிட்டது, சொன்ன நாளுக்கு முன்னாலேயே முடித்துவிட்டார்கள், டிக்கெட் கிடைத்தது, ஏறிவிட்டேன், பத்து நாள் இருப்பேன் என்றாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் நான் டிவியைப் போட்டேன். சபை நடப்பதைக் காட்டுகிற டிவி ஒன்று இருக்கிறது. அவர்கள் பேசுகிற பாஷை எனக்குத் தெரியாது, ஆனாலும் தினமும் பார்ப்பேன். என்றைக்காவது என் மகள் அதில் வருவாளா என்று பார்ப்பேன். போட்டேனா, சபை நடந்துகொண்டிருந்தது. தலைப்பாகைக்காரர் ஒருவர் எழுந்து நின்று கையை ஆட்டிப் பேசுகிறார், நாலு பேர் குறுக்கே கத்துகிறார்கள். டிவியை அணைத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். வெங்காயம் இருந்ததால் கண்ணீருக்குக் காரணம் சொல்லவேண்டி வரவில்லை.

பெற்ற மகள் பொய் சொல்கிறாள். அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் அதே திசையில்தான் போனது. எப்போதும் கைப்பையில் வைத்திருக்கும் ஆபீஸ் அட்டை இந்தத் தடவை இல்லை. எங்கே என்று கேட்டால், வாங்கி வைத்துக்கொண்டார்கள், வேறே தருவார்கள் என்றாள். அட்டையை வாங்கிவிட்டார்கள் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். போன் வந்தால் வேப்பமரத்தடிக்குப் போய் இந்தியில் பேசினாள். பகலெல்லாம் தூங்கினாள். மூன்று மாசமாகத் தூக்கமில்லை என்றாள். ஏன் தூக்கமில்லை?

புதன்கிழமை தேங்காய் வாங்கப் போனபோது கடைக்கார அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் கடைக்காரர் வயசில் சின்னவரானாலும் அண்ணாச்சிதான்.

"என்னக்கா, ஒங்க மக வந்துருக்கா போல. டிவில அங்க சத்தம் கேட்டுக்கிட்டேல்லா கெடக்கு?"

"லீவுல வந்துருக்கா, அண்ணாச்சி."

"லீவு குடுத்தாவளா, இல்ல அனுப்பிட்டாவளா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே, ஒங்க கடைக்கு ஒருநாள் லீவு விட்டா ஒங்களையும் அனுப்பிட்டாவன்னா சொல்லுவேன் என்று கேட்டுவிட்டுத் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கி வந்தேன். தேங்காய் உடைத்தபோது அழுகல். என் மனசு நிதானத்தில் இல்லை, இல்லாவிட்டால் என் காதுக்கு அழுகல் தேங்காய் தப்பாது.

படுத்தபடியே முழுக் கதையும் கட்டி முடித்தேன். யாரோ ஒரு பெரிய ஆள், பாவப்பட்ட ஆளாகவும் இருக்கலாம், முட்டுவலிக்காரராக இருக்கலாம், நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. என் மகள் இரக்கப்பட்டு அவரை வந்தார் என்று பதிந்துவிட்டாள். யார் வயிற்றில் பிறந்தவள்? பிடித்துவிட்டார்கள். அட்டையை வாங்கிக்கொண்டு, விசாரிக்கும்வரை ஊரில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். கதையில் ஓட்டையே இல்லை. எண்ணுகிற மேசை போனது, இருக்கிற வேலையாவது மிஞ்சவேண்டுமே என்று திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டேன்.

வியாழக்கிழமை காலை அவள் ஏரலில் இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். போன் சார்ஜில் கிடந்தது, எடுக்க மறந்துவிட்டாள். பத்து மணிக்கு அது அடித்தது. திரையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாவின் படம். அந்த முகம் எனக்குத் தெரியும். மகளின் அதிகாரி, மதுரைப் பக்கத்து அம்மா. பொங்கலுக்குப் போட்டோவில் காட்டியிருக்கிறாள். எடுத்தேன்.

என் மகள் பேரைச் சொல்லி, இருக்கிறாளா என்று கேட்டார்கள்.

பேரைச் சொல்லித் தேடிவிட்டார்களா, என் வாய் என்னிடம் கேட்கவில்லை.

"இல்ல தாயி, படுத்துக் கெடக்கா. காய்ச்சல்."

"அய்யோ. எப்ப இருந்து?"

"வந்த அன்னைக்கே. எந்திரிக்கவே முடியல."

"திங்கட்கிழமை காலையில அவ இங்க இருக்கணுமே. முடியுமா?"

"முடியாது தாயி. டாக்டர் பத்து நாள் அசையக்கூடாதுன்னுட்டாரு."

 சரி, அப்படியானால் வேறு ஆள் பேரைப் போட்டு அனுப்பிவிடுகிறேன், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லி அந்த அம்மா வைத்துவிட்டார்கள். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. விசாரணையைப் பத்து நாள் தள்ளியாகிவிட்டது. அதற்குள் யாரையாவது பிடித்து ஏதாவது செய்யலாம். மத்தியானம் ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். மகள் திரும்பி வந்தபோது போன் வந்தது என்று சொல்லவில்லை.

சாயந்தரம் அடுப்படியில் உட்கார்ந்து அவள் சாளை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் டிவியைப் போட்டேன். அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கவேண்டும். சபை நடந்துகொண்டிருந்தது. பெரிய பலகையில் விளக்கெல்லாம் எரிகிறது, ஓட்டு எடுக்கிறார்கள் போல. கோட்டுப் போட்ட ஆட்கள் வரிசைக்கு வரிசை போய்ச் சீட்டு வாங்குகிறார்கள். அதில் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள். இடது தோளைக் கொஞ்சம் தூக்கி, தலையைச் சாய்த்து ஒரு நடை. சின்னப் பிள்ளையில் குடம் சுமந்து வந்த நடை அது. இந்த உலகத்தில் அப்படி ஒருத்திதான் நடப்பாள், அவள் என் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் டிவியைப் பார்த்தேன், அடுப்படியைப் பார்த்தேன், மறுபடியும் டிவியைப் பார்த்தேன்.

"ஏளா, நீ அங்கன நடக்க. இங்கன இருக்க."

அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அது பழசும்மா, ரெண்டு வாரத்துக்கு முந்தினது. சபை இல்லாத நாள்ல பழசத்தான் திருப்பித் திருப்பிப் போடுவாவ. கீழ எழுதிருக்குல்லா."

கீழே எழுதியிருந்தால் எனக்கு என்ன தெரியும்? அந்த எழுத்தை நான் மூன்று நாளாகப் பூ வேலைப்பாடு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு காலம் காத்திருந்து அவள் முதுகைப் பார்த்தது சந்தோஷம்தான். ஆனால் அதை அனுபவிக்க எனக்கு நேரமில்லை. நான் கட்டிய கதை ஒவ்வொரு ஓடாகச் சரிந்துகொண்டிருந்தது. அட்டை எதற்கு வாங்கினார்கள் என்று கேட்டேன். எண்ணுகிற மேசைக்குப் போகிறவர்களுக்கு வேறே அட்டை என்றாள். கம்பளி எதற்கு என்றேன். அங்கே வெயில் வந்துவிட்டது, ஹாஸ்டல் அலமாரியில் இடமில்லை என்றாள். வேப்பமரத்தடியில் என்ன பேச்சு என்றேன். உன் டிவி சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்றாள்.

"எப்பளா அந்த மேசைக்குப் போவ?"

"மேடம் கூப்பிடுவாவம்மா. பட்டியல் அனுப்புத வாரம் இது. எப்ப வேணாலும் கூப்பிடலாம்."

அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு சொன்னேன். காய்ச்சல், டாக்டர், பத்து நாள், வேறு ஆள் பேர், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் கையில் இருந்த சாளை சட்டிக்குள் விழுந்தது. திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. கையைக் கழுவினாள், போனை எடுத்து அந்த அம்மாவின் நம்பரை அமுக்கி என் கையில் கொடுத்தாள். நீயே பேசேன் என்றேன்.

"நான் பேசினா மேசை கெடைக்கதுக்காகக் காய்ச்சலோட எந்திரிச்சு வந்தேன்னு நெனப்பாவ. நீதான சொன்ன, நீயே மாத்து."

அவள் சொன்னது நியாயம். ஓட்டெடுக்கிற நாளில் சபைத் தலைவர் முதலில் கணக்கை வாசிக்கும்போதே, இது திருத்தத்துக்கு உட்பட்டது என்று சேர்த்துத்தான் சொல்வாராம். ஆனால் அவரவர் ஓட்டை அவரவர்தான் திருத்தவேண்டும், அடுத்தவர் எழுந்து திருத்த முடியாது என்று முன்னே சொல்லியிருக்கிறாள். அது எனக்கு வந்து சேரும் என்று யார் கண்டது.

அந்த அம்மா எடுத்தார்கள். காலையில் நான் சொன்னது பொய், அவளுக்குக் காய்ச்சலும் இல்லை, டாக்டரும் இல்லை, ஏரலுக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள் என்றேன். 

"அம்மா, காலையில சொன்னது பொய்யா, இல்ல இப்ப சொல்றது பொய்யா? நான் எதை நம்புறது?"

சந்தேகப்படுவதற்கு நான்தான் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்து வந்து விழுந்தபோதுதான் தெரிந்தது, அது இப்படி இருக்கும் என்று. எனக்கு நிரூபிக்க ஒன்றும் இல்லை. அவளை இருமச் சொல்லவும் முடியாது, இருமாமல் இருக்கச் சொல்லியும் பிரயோசனமில்லை. இருக்கிறதைச் சொன்னேன்.

"விசாரணைக்குத்தான் தேடுதீயன்னு நெனச்சேன் தாயி. அதான் மறைச்சேன்."

"எதுக்கு விசாரணை?"

"வராத ஆள வந்தான்னு போட்டுட்டாளோன்னு."

ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், எல்லாம் அவள் காதில் விழுந்தது. என்னைப் பார்த்தாள். காய்ச்சல் என்று சொன்னதற்குக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

"உங்க மகளா?" என்றார்கள் அந்த அம்மா. "எட்டு வருசமா அவ பதிஞ்சதுல நான் ஒரு தடவைகூட அடிச்சு எழுதினதில்ல. இன்னைக்கு முதல் தடவையா ஒரு திருத்தம் போடப்போறேன், அதுவும் நீங்க சொன்னதுக்கு." பட்டியல் இன்னும் மேலே போகவில்லை, மேசையிலேயே இருக்கிறது, பேரைத் திரும்பப் போட்டுவிடுகிறேன், ஆனால் திங்கட்கிழமை காலையில் ஆள் நேரில் நிற்கவேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தார்கள்.

திங்கட்கிழமை அங்கே நிற்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமை சாயந்தர ரயிலில் ஏறவேண்டும். பத்து நாள் இருக்க வந்தவள் நாலே நாளில் போகிறாள். நான் திருத்தாமல் விட்டிருந்தால் இருந்திருப்பாள். அப்படியும் ஒரு நினைப்பு வந்தது, மறைப்பானேன்.

அவள் பெட்டியை அடுக்கினாள். மீன்குழம்பு வைத்துத் தட்டை முன்னால் வைத்தேன். தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"நான் அப்படிச் செய்வேன்னா நெனச்ச?"

"நானா இருந்தா செஞ்சிருப்பேன். உப்பளத்துல வராதவளுக்கெல்லாம் நான் குரல் குடுத்திருக்கேன். அதான் அப்படி நெனச்சேன்."

 தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

மறுநாள் ஸ்டேஷனுக்குக் கூடவே போனேன். அரைமணி நேரம் முன்னாலேயே போய்விட்டோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், நிஜமாகவே நீ வராதவர்களுக்குக் குரல் கொடுப்பாயா என்று கேட்டாள். கொடுத்தேன் என்றேன். எத்தனை தடவை, யார் யாருக்கு என்றாள். அதிகாரி கேட்கிற மாதிரி கேட்டாள். இனி மறைத்து என்ன, முதலில் இருந்து சொன்னேன். பிள்ளை பெற்ற பத்தாம் நாளே வேலைக்கு வந்தவளுக்கு ஒரு மாசம் குரல் கொடுத்தது, புருஷனிடம் அடி வாங்கி முகம் வீங்கினவளுக்குக் கொடுத்தது, எம்.ஜி.ஆர். பாட்டுக் கச்சேரி பார்க்கப் போனவளுக்குக் கொடுத்தது. மூக்கடைத்த குரலைச் செய்து காட்டினேன். பக்கத்துப் பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரயில் நகரும்போதும் ஜன்னலோடு நடந்தபடி சொல்லிக்கொண்டே வந்தேன், பாதிகூட முடியவில்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள்.